எழும்பூர் வழக்கு: டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாமல் போன ஒரு வரி

1996 செப்டம்பர் 23 அன்று சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஒரு தாயும் பிறந்து மூன்று வாரம் தாண்டிய பெண் குழந்தையும் டிஸ்சார்ஜ் ஆனார்கள். கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் ஓரத்தில் சில குறிப்புகள் இருந்தன. தாய் தைரியமாக இருக்கிறார், அபாய அறிகுறிகள் சொல்லப்பட்டன, தாய்ப்பால் தொடர வேண்டும், செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

கிட்டத்தட்ட 19 ஆண்டுகள் கழித்து, 2015 ஜூலை 1 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.எஸ்.கேஹர், எஸ்.ஏ.பாப்டே அமர்வு இதே ஓரக் குறிப்பை எடுத்துவைத்துப் படித்தது. அவசரத்தில் கிறுக்கிய பொதுவான எச்சரிக்கை, அதற்குமேல் ஒன்றுமில்லை என்று சொன்னது. அந்தக் குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. தமிழ்நாடு அரசும் மருத்துவமனையும் இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

தொகை பெரியது என்பதால் செய்தித்தாள்களில் அதுதான் தலைப்பானது. ஆனால் மருத்துவர்களும் நர்ஸ்களும் இந்த வழக்கைப் படிக்க வேண்டிய காரணம் வேறு. இங்கே யாரும் தவறான மருந்து கொடுக்கவில்லை, தவறான இடத்தில் கத்தி வைக்கவில்லை. உயிர் பிழைக்குமா என்றிருந்த குழந்தையைக் காப்பாற்றித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் அனுப்பினார்கள், வழக்கு அதைப் பற்றியது.

நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம். குழந்தை பிறந்தது 1996 ஆகஸ்ட் 30. கர்ப்பத்தின் 29வது வாரம். எடை 1,250 கிராம். பிறந்த உடனே 90 முதல் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தார்கள். முதல் பத்து நாட்களில் மூச்சு நின்று நின்று வந்தது. ஒரு வாரம் கழித்து ரத்தம் மாற்றினார்கள். சுமார் 25 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்குபேட்டரில் இருந்தது. அந்தக் காலத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் இந்த எடையில் பிறந்த குழந்தை பிழைத்தது சாதாரண விஷயமில்லை. அந்தப் பெருமை அங்கே ராத்திரி பகலாக வேலை பார்த்தவர்களுக்குச் சேர வேண்டியது.

பிரச்சினை கண்ணில். தாயின் வயிற்றில் கருவின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நான்காம் மாதம் வாக்கில் நடுவிலிருந்து வளரத் தொடங்கி, பிரசவத் தேதி நெருங்கும்போதுதான் ஓரத்தைப் போய்ச் சேரும். 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. வெளியே வந்ததும் ஆக்சிஜன் அதிகமாகக் கிடைப்பதால் குழாய்கள் சுருங்கி, வளர்ச்சி நின்றுவிடுகிறது. சில வாரம் கழித்து, குழாய் போய்ச் சேராத விழித்திரைப் பகுதி ரத்தத்துக்குத் தவிக்கும்போது, குழாய்கள் தாறுமாறாகக் கிளம்புகின்றன. அவை கசிந்து, தழும்பாகி, சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுக்கின்றன. இதுதான் ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி, சுருக்கமாக ஆர்ஓபி. ஐந்து நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையில் பிடித்தால் லேசரோ, கடுங்குளிரில் உறையவைக்கும் கிரையோ சிகிச்சையோ கொடுத்துப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஐந்தாம் நிலையில் விழித்திரை முழுதும் கழன்று புனல்போலச் சுருண்டுவிடும். அப்புறம் செய்வதற்கு அதிகமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, குழந்தை இந்த நோயோடு பிறப்பதில்லை. பிறந்து இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள்தான் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். சிவக்காது, பீளை வராது, குழந்தை அழாது. கண்பாப்பாவை விரியவைக்கும் சொட்டு மருந்து விட்டு, பயிற்சி பெற்ற கண் மருத்துவர் உள்ளே பார்த்தால் மட்டுமே தெரியும். பெற்றோர் கண்ணுக்கு ஏதாவது தென்படுகிறது என்றால், கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னுகிறது என்றால், அநேகமாகக் காலம் கடந்துவிட்டது.

அதனால் ‘அபாய அறிகுறிகள் சொல்லப்பட்டன’ என்ற குறிப்பை இந்த நோய்க்குப் பொருத்திப் பார்த்தால் அபத்தமாக இருக்கிறது. வீட்டில் இருக்கும் தாய் கண்டுபிடிக்கக்கூடிய அறிகுறி எதுவும் இதற்கு உரிய காலத்தில் கிடையாதே! காய்ச்சல் வந்தால் வாருங்கள், பால் குடிக்காவிட்டால் வாருங்கள் என்று சொல்லலாம். ஆர்ஓபிக்குச் சொல்ல வேண்டியது ஒரு தேதி: இந்த நாளுக்குள் இந்த மருத்துவரிடம் கண்ணைக் காட்டுங்கள். நீதிமன்றமும் ‘அறிகுறிகள் சொல்லப்பட்டன’ என்பதை ஆர்ஓபி பற்றிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. 25 நாள் மருத்துவமனையிலேயே இருந்த குழந்தைக்கு என்னென்ன ஆபத்து வரலாம், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்வது மருத்துவமனையின் கடமை என்றது.

டிஸ்சார்ஜுக்குப் பிறகும் வாய்ப்புகள் இருந்தன. வழக்கில் எனக்கு அதிகம் உறுத்துவது இந்தப் பகுதிதான். அக்டோபர் 30 அன்று தாயும் குழந்தையும் மருத்துவமனைக்கு வந்து போனார்கள். குழந்தைப் பிரிவு மருத்துவர் ஒருவர், குழந்தையின் நான்காவது வாரத்திலிருந்து 13வது வாரம் வரை பார்த்துக்கொண்டார், அதுவும் வீட்டுக்கே போய். அவர் சொன்ன ஒரே ஆலோசனை, கிருமி தொற்றாமல் குழந்தையை நாலு சுவருக்குள்ளேயே வைத்திருங்கள் என்பது. 14, 15வது வாரத்தில் அந்தப் பிரிவின் தலைவரும் புரசைவாக்கத்தில் இருந்த தன் கிளினிக்கில் குழந்தையைப் பரிசோதித்தார். அவரும் கண் பரிசோதனை பற்றிச் சொல்லவில்லை. இரண்டு பேரும் குழந்தை பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவர்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, எவ்வளவு எடை, எத்தனை ஆக்சிஜன் என்பது எதுவும் அவர்களுக்குப் புதிதில்லை. அரசு வேலையில் இருந்துகொண்டு இப்படித் தனியாகப் பார்த்தது பணி விதிகளுக்கு முரண் என்று தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஒழுக்க நெறியின் பக்கமிருந்து பார்த்தால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையைப் பார்க்க டாக்டர் வீட்டுக்கே வருகிறார் என்றால் பெற்றோர் வேறு யாரிடமும் கேட்க மாட்டார்கள். அந்த நம்பிக்கை கொடுக்கும் பாதுகாப்பு உணர்வே இங்கே குழந்தைக்கு எதிராக வேலை செய்தது.

பிறகு நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது ஐந்தாம் நிலை. தந்தை குழந்தையை அமெரிக்கா வரை கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்து பார்த்தார். பார்வை வரவில்லை.

வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. எதிர்த்தரப்பு வாதம் என்னவென்றால், பிறந்தபோதும் சிகிச்சையின்போதும் எந்தக் குறைபாடும் தெரியவில்லை, தகுந்த ஆலோசனை சொன்னோம், பெற்றோர் பின்பற்றவில்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னோம், தாய் வந்தது புதன்கிழமை என்றுகூட வாதிட்டார்கள். போதாததற்கு, புதன்கிழமை வந்தாரா என்பதையே மறுத்தார்கள். 1996 அக்டோபர் 30 புதன்கிழமைதான், காலண்டரைப் பார்த்தால் தெரியும். ஆனால் புதன்கிழமை வந்த குழந்தைக்கு விழித்திரை செவ்வாய்க்கிழமை இருந்ததுபோலத்தானே இருக்கும்? பெரிய அலட்சியத்தை மூடி மறைக்கச் செய்யும் கடைசி முயற்சிபோல இருக்கிறது என்ற பொருளில் நீதிபதிகள் இதைக் கண்டித்தார்கள்.

‘நோயாளி வரவில்லை’ என்பது நம் மருத்துவமனைகளில் கேஸ் ஷீட்டில் சுலபமாக விழும் வாக்கியம். எதற்காக வர வேண்டும் என்று சொன்னோமா என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டியது. செவ்வாய்க்கிழமை ஓ.பி. என்றால் பிரசவமான எல்லாத் தாய்க்கும் சொல்வதுதான். 1,250 கிராம் குழந்தையின் தாய்க்கும் மூன்று கிலோ குழந்தையின் தாய்க்கும் ஒரே வரியை எழுதினால், அந்த வரியில் தகவல் என்று எதுவும் இல்லை.

1996இல் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சட்டமும் அதைத்தான் கேட்கிறது. மருத்துவ அலட்சியத்தை அளக்க நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 1957இல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கின் அளவுகோல். அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அன்றைய அறிவை வைத்து என்ன செய்திருப்பாரோ, அதைச் செய்தாரா? இன்றைய அறிவை வைத்து அன்றைய மருத்துவரைக் குற்றம் சொல்லக் கூடாது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது, கிரிமினல் வழக்கு போட வேண்டுமானால் மிக மோசமான அலட்சியம் தேவை என்றும் சேர்த்துச் சொன்னது.

ஆனால் ஆர்ஓபி 1996க்குப் புதிய நோயே இல்லை. 1942இல் அமெரிக்காவில் டெர்ரி என்ற கண் மருத்துவர் இதை விவரித்தார். 1951இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர் ஆக்சிஜன் மீது சந்தேகத்தைக் கிளப்பினார். 1950களின் நடுவில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இந்த நோயில்தான், அவர் பிறந்தது 1950. கண் போகிறதே என்று பயந்து ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தபோது குழந்தைகள் இறந்தன, பிழைத்தவற்றில் மூளைவாதம் வந்தது. ஆக, ஆக்சிஜனைக் கொடு, ஆனால் கண்ணைப் பார் என்பதே மருத்துவம் கடைசியில் வந்து நின்ற இடம். 1988இல் வெளியான கிரையோ ஆய்வு, உரிய நேரத்தில் சிகிச்சை கொடுத்தால் பார்வையைக் காப்பாற்றலாம் என்று காட்டிவிட்டது. எழும்பூர்க் குழந்தை பிறப்பதற்கு எட்டு வருடம் முன்பு.

ஆணையம் டெல்லி எய்ம்ஸிடம் கருத்துக் கேட்டது. 2007 ஆகஸ்டில் வந்த எய்ம்ஸ் அறிக்கைதான் வழக்கின் அச்சாணி. 1,500 கிராமுக்குக் குறைந்த எடையிலோ 32 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை கட்டாயம். கருவான நாளிலிருந்து கணக்கிட்டு 31வது வாரம், அல்லது பிறந்து நான்கு வாரம், இதில் எது பிந்தியதோ அப்போது முதல் பரிசோதனை. பத்து வருடம் முன்பும் வழிகாட்டுதல் ஏறக்குறைய இதேதான், பிறந்து 2 முதல் 6 வாரத்துக்குள் பார்ப்பார்கள் என்றது அறிக்கை. இந்தக் குழந்தை எடையிலும் தேறவில்லை, வாரக் கணக்கிலும் தேறவில்லை. இரண்டு அளவுகோலும் பரிசோதனை செய் என்றே சொன்னன. போலம் அளவுகோலில் மருத்துவர்களுக்கு இருந்த பாதுகாப்பு அங்கே தீர்ந்துபோனது.

அந்தக் கணக்கை எழும்பூர்த் தேதிகளில் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 30 பிறப்பு. இரண்டாவது வாரம் முடிவது செப்டம்பர் 13, குழந்தை அப்போது வார்டில் இருக்கிறது. நான்காவது வாரம் முடிவது செப்டம்பர் 27, டிஸ்சார்ஜ் ஆகி நான்காம் நாள். ஆறாவது வாரம் அக்டோபர் 11. முதல் பரிசோதனைக்கான காலம் குழந்தை வார்டில் இருக்கும்போதே தொடங்கி, வீட்டுக்குப் போன பிறகு முடிகிறது. யார் பொறுப்பு என்பது மங்கலாகும் இடம் அது. உள்ளே இருக்கும்போது, இன்னும் நாள் இருக்கிறது என்று தோன்றும். வெளியே போனபின், ஓ.பி.யில் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றும்.

2009 மே மாதம் ஆணையம் அலட்சியம் நடந்தது உண்மை என்று தீர்மானித்து 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. வாழ்நாள் முழுக்கப் பார்வையில்லாமல் இருக்கப்போகிற பிள்ளைக்கு 5 லட்சம்! தந்தை கூடுதல் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் அதுவரை ஆன மருத்துவச் செலவுக்கு 42,87,921 ரூபாயும், இனிமேல் ஆகப்போகும் செலவுக்குப் பணவீக்கத்தையும் கணக்கில் எடுத்து 1,38,00,000 ரூபாயும் நிர்ணயித்தது. இந்த 1.38 கோடியில் 1.30 கோடி அரசும் மருத்துவமனையும், மீதி 8 லட்சத்தை இரண்டு மருத்துவர்களும் ஆளுக்கு 4 லட்சமாக.

இந்தப் பங்கீட்டைப் பார்த்துவிட்டு, டாக்டர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊழியர் செய்த தவறுக்கு அமர்த்தியவர் பொறுப்பு என்பது பழைய சட்டக் கோட்பாடு. அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் ஒரு தாயின் வயிற்றில் துண்டை வைத்துத் தைத்து அவர் இறந்துபோன வழக்கில், அரசே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. குற்றம் யாருடைய கையால் நடந்தது என்று நோயாளியின் குடும்பம் துப்பறிய வேண்டியதில்லை. அது தவிர, எழும்பூரில் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு என்று ஒன்று இருந்திருந்தால், ஒரு மருத்துவர் மறந்தாலும் இன்னொருவர் நினைவூட்டியிருப்பார். ஏற்பாடு செய்வது தனி மருத்துவரின் வேலையல்ல, மருத்துவமனையின் வேலை.

தீர்ப்பில் நர்ஸ்கள் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் எதிர்த்தரப்பும் இல்லை. ஆனாலும் அரசு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் அவர்கள் பங்கு புரியும். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ‘இந்தக் குழந்தையை அனுப்பலாம்’ என்கிறார். ஹவுஸ் சர்ஜனோ பட்ட மேற்படிப்பு மாணவரோ சம்மரி எழுதுகிறார், பத்துப் பதினைந்து சம்மரியை மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். அடுத்த குழந்தைக்குப் படுக்கை வேண்டும் என்று வார்டு நெருக்குகிறது. சீட்டைத் தாயின் கையில் கொடுத்து, அவர் மொழியில், அவருக்குப் புரிகிற மாதிரி விளக்குவது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியைத் தாய் ‘சிஸ்டர், கண்ணு ஏதும் பார்க்கணுமா?’ என்று அவரிடம்தான் கேட்பார். 1,500 கிராமுக்குக் கீழே பிறந்த குழந்தையின் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி இல்லையென்றால், ‘சார், இதுக்கு ஐ செக்கப் எழுதலையே’ என்று திருப்பிக் கேட்கும் உரிமை நர்ஸுக்கு உண்டு. கடமையும்தான். அப்படிக் கேட்டால் முகம் சுளிக்கும் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

சட்டம் எழுத்தில் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்தவை. 2023இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு உடனே நிறுத்திவைக்கப்பட்டதால் இன்றும் இவையே நடைமுறை. நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது, நோயாளியின் நலனுக்குத் தேவையான அளவு அவருக்கோ உறவினருக்கோ விஷயம் தெரிந்திருக்கிறதா என்று மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்கின்றன. ‘சொன்னேன்’ என்பதோடு முடியவில்லை, தெரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதே விதிகள் உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கின்றன. இந்த உரிமை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. வார்டில் கேட்டால் மேலே கேளுங்கள், மேலே கேட்டால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் கேளுங்கள் என்ற அலைச்சலுக்குப் பயந்தே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த சாந்தா வழக்குத் தீர்ப்பின்படி, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என்றால் இரண்டு பேருமே வழக்குப் போடலாம். அதனால் அரசு மருத்துவமனை நோயாளிக்கு நுகர்வோர் மன்றக் கதவு எப்போதும் திறந்திருக்காது. சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் உண்டு. எந்தக் கதவானாலும் நேரம் போவது போவதுதான். இந்த வழக்கில் தீர்ப்பு வந்தபோது குழந்தைக்கு 19 வயது நிறையப்போகிறது.

மருத்துவர்களின் தரப்பில் ஒரு ஆதங்கம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. கோடிக்கணக்கில் இழப்பீடு என்றால் குறைமாதக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளவே சின்ன மருத்துவமனைகள் பயப்படும், ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று வாசலிலேயே திருப்புவார்கள் என்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் இந்தத் தீர்ப்பு அதற்குச் சாக்காகாது. ஆக்சிஜன் கொடுத்ததற்காக இங்கே யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆர்ஓபி வந்ததற்காகவும் இல்லை. எந்தக் குழந்தைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று எய்ம்ஸ் அறிக்கையே ஒப்புக்கொண்டது. பரிசோதிக்காததும் பரிசோதிக்கச் சொல்லாததும் மட்டுமே குற்றமாயின. பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, தேதியைச் சொல்லி, அதைப் பதிவுசெய்து, அதன் பிறகும் பார்வை போயிருந்தால் வழக்கு நின்றிருக்காது என்பது என் கணிப்பு.

2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஆர்ஓபியும் கண்டறிய வேண்டிய நோய்களில் ஒன்று. பின்னர் வந்த தேசிய வழிகாட்டுதல் எல்லையை இன்னும் விரித்தது. நம் நாட்டில் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் இந்த நோய் வருவதால், 2,000 கிராமுக்குக் கீழேயோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த எல்லாக் குழந்தைக்கும் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே. கண் மருத்துவர் போதாது என்பதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவோடு கிராமப்புற மருத்துவமனைகளுக்குப் போய் விழித்திரையைப் படமெடுத்து பெங்களூருக்கு அனுப்புகிறார்கள், நிபுணர் அங்கிருந்தே பார்த்துச் சொல்கிறார்.

ஒருமுறை பார்த்தால் போதாது. விழித்திரையில் குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடியும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். கூலி வேலைக்குப் போகும் தகப்பனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் செலவு வேறு. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, எதற்கு மறுபடி என்று பாட்டி கேட்பார். அதனால் சீட்டில் தேதியோடு காரணத்தையும் தமிழில் ஒரு வரி எழுதலாம்: ‘குறைமாதக் குழந்தை. வெளியே தெரியாமலே பார்வை போகக்கூடும். இந்தத் தேதிக்குள் கண் டாக்டரிடம் கட்டாயம் காட்டவும்.’ எழுத அரை நிமிடம் ஆகும். கூடவே போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தத் தேதியில் வராவிட்டால் வார்டிலிருந்து ஒரு போன் போட வேண்டும்.